இரண்டு சுத்தங்கள்

என்னுடைய பழைய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட வேண்டுமென்று நண்பர் ஒருவர் சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காகப் பழைய இதழ்களைப் புரட்டியபோது 1990இல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேம்ஸ் ஜாய்ஸ் ஜூரிச் நகரத்தில் கழித்த வருஷங்களைப் பற்றியது. முதல் உலக யுத்தத்தின்போது, 1915இல், அங்கே போய்ச் சேர்ந்தவர் யுலிஸிஸின் பெரும்பகுதியை அங்கேதான் எழுதினார். 1916இல் அதே ஊரின் ஒரு சந்தில் டாடாக்காரர்கள் காபரே வால்டேரைத் திறந்தார்கள். இரண்டாம் யுத்தத்தின்போது ஜாய்ஸ் மறுபடியும் அங்கே போய் 1941 ஜனவரியில் இறந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, லிம்மாட், ஸில் என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில் உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா அவருக்குப் பிடித்தமான இடம் என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்த வாக்கியம் இது: "ஐரோப்பாவின் மிகச் சுத்தமான நகரம் ஒன்றின் மிகச் சுத்தமான மூலையில் நின்றுகொண்டுதான் அவர் டப்ளினின் அழுக்கை நினைத்துக்கொண்டார்."

வாக்கியம் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. தொந்தரவே அதுதான். நான் அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பூங்காவுக்கு உலகப் பத்திரிகைகள் 'ஊசிப் பூங்கா' என்று பெயர் வைத்திருந்தன. நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஹெராயின் வாங்கவும் அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளவும் வந்துபோனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஸாலமன் கெஸ்னரின் நினைவுச் சின்னம் நிற்கும் அதே பூங்காவில், கால் வைக்கிற இடமெல்லாம் உபயோகித்த ஊசிகள் கிடந்தன. எனக்கு இதொன்றும் தெரியாது. ஜாய்ஸைப் பற்றிய புத்தகங்களில் பூங்கா இருந்தது, ஊசி இல்லை. கட்டுரை வந்து சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய், ஜூரிச்சில் ஓர் உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வாசக நண்பர் எழுதியது. "அண்ணை, நீங்கள் எழுதின இடத்துக்குப் பக்கத்தாலைதான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறனான். அங்கை ஆத்தைப் பாத்துக்கொண்டு நடக்கேலாது, நிலத்தைப் பாத்துத்தான் நடக்கோணும்" என்று இரண்டு வரி. அதற்கு நான் பதில் எழுதவில்லை. கட்டுரைக்கு ஒரு திருத்தமும் போடவில்லை. இலக்கியக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது படிக்கும்போது, 'சுத்தம்' என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகப் போட்டிருக்கிறேன் என்பது உறைக்கிறது. ஊசிப் பூங்காவின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நடந்த சண்டைதான். ஒருவர் உடம்பில் ஏறும் ஊசி சுத்தமாக இருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. முதல் சுத்தம் கண்ணுக்குத் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இரண்டாவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், ஓட்டுப் போடுகிறவர் கண்ணுக்கு முதலில் தெரியும். இலவசமாக ஊசி கொடுத்தால் தெரு அழுக்காகும், தெருவைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊசியை நிறுத்து என்ற வாதம் பல நகரங்களில் இன்றைக்கும் கேட்கிறது. இந்த இரண்டு சுத்தங்களும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று விரோதிகள்தானா என்பதை ஜூரிச்சின் நாற்பது வருஷங்களை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என் பழைய வாக்கியத்துக்கு நான் கட்ட வேண்டிய பாக்கியும் அதுவே.

1

கதை ஓர் ஆபரா மாளிகையில் ஆரம்பிக்கிறது. 1980இல் அந்த மாளிகையைப் புதுப்பிக்கச் சுமார் 60 மில்லியன் ஃபிராங்க் செலவிட ஜூரிச் நகரம் ஏற்பாடு செய்தது. தங்களுக்கென்று ஒரு கூடுமிடம் கேட்டு வருஷக்கணக்கில் அலைந்துகொண்டிருந்த இளைஞர்கள் மே 30 அன்று மாளிகைக்கு முன்னால் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் உடைந்த கடைக் கண்ணாடிகளுமாக அந்தக் கோடை கழிந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தை நகரம் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. வீட்டை விட்டு வந்தவர்கள், படுக்க இடமில்லாதவர்கள், ஹெராயினுக்குப் பழகியவர்கள் என்று எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு உள்ளே ஓர் அறை ஒதுக்கப்பட்டது. 1982 மார்ச்சில் நகரம் அந்தக் கட்டிடத்தை இடித்துத் தள்ளியது. கட்டிடம் போயிற்று, ஆட்கள் போகவில்லை. ஆற்றங்கரைக்கும் பழைய நகரத்துச் சதுக்கங்களுக்கும் போனார்கள். போலீஸ் விரட்ட விரட்ட இடம் மாறி, 1987 வாக்கில் பிளாட்ஸ்பிட்ஸில் வந்து நிலைத்தார்கள். அதன் இரண்டு பக்கமும் ஆறு, ஒரு பக்கம் தேசிய மியூசியம். எட்டிப் பார்த்தாலொழிய உள்ளே நடப்பது தெரியாது. நகரத்துக்கும் அது கொஞ்ச நாள் சௌகரியமாகவே இருந்தது.

இடையில் எய்ட்ஸ் வந்துவிட்டது. ஒருவர் ரத்தத்தில் உள்ள கிருமி இன்னொருவருக்குப் போக, இருவரும் ஒரே ஊசியைப் பயன்படுத்தினால் போதும். ஊசி கிடைப்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு பேர் ஒரே ஊசியைச் சுற்றி உட்காருவார்கள். இது வைத்தியம் படித்தவர்களுக்குப் புரிகிற எளிய கணக்கு. ஆனாலும் 1985இல் ஜூரிச் மாநில அரசின் தலைமை மருத்துவர் போதைப் பழக்கக்காரர்களுக்கு ஊசி கொடுப்பதைத் தடை செய்தார். மீறுகிற டாக்டர்களின் லைசென்ஸ் பறிபோகும் என்ற மிரட்டலும் வந்தது. ஊசி கொடுப்பது போதையை ஆதரிப்பது என்பது அதன் தர்க்கம். நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் தடையை மீறப் போவதாக வெளிப்படையாகவே அறிவித்தார்கள். 1986இல் தடை விலகியது.

இந்த மருத்துவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதை அதே காலத்தில் இரண்டு ஊர்களில் நடந்ததை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1980களின் தொடக்கத்தில் போலீஸ் கெடுபிடியால் ஊசி விற்பது நின்றுபோயிற்று. ஒரே ஊசி பல கைகள் மாறியது. 1986இல் அந்த ஊர் டாக்டர் ராய் ராபர்ட்ஸனும் அவர் சகாக்களும் ஹெராயின் போட்டுக்கொள்கிற தங்கள் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது பாதிப் பேருக்கு மேல், 51 சதவீதத்தினரிடம், கிருமி இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் நடந்தது வேறு. நகரத்தின் நடுவே இருந்த ஒரு மருந்துக்கடை ஊசி விற்பதை நிறுத்தியபோது போதைப் பழக்கக்காரர்களின் சங்கமே முன்வந்தது. அப்படி ஒரு சங்கம் அங்கே இருந்தது. மஞ்சள் காமாலை பரவும் என்று சொல்லி நகரச் சுகாதாரத் துறையிடம் ஊசி கேட்டு வாங்கியது. 1984இல் வாரத்துக்கு ஒருமுறை சுகாதாரத் துறை ஊசிகளைக் கொண்டுவந்து கொடுத்து, பழைய ஊசிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிற்று. நம் விஷயத்துக்கு முக்கியமானது இந்தக் கடைசி விவரம். உலகத்தின் முதல் ஊசித் திட்டம் வெறும் கொடுப்பாக இருக்கவில்லை, மாற்றாக இருந்தது. பழையதைத் திரும்ப வாங்கும் வேலை அதன் பிறப்பிலேயே இருந்தது.

2

1988இல் ஜூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் நோய் எதிர்ப்பியல் நிபுணர் பீட்டர் க்ரோப் தலைமையில் ஒரு குழு பிளாட்ஸ்பிட்ஸுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்தது. ஊசி மாற்றிக் கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டார்கள். அளவு மீறிப் போட்டுக்கொண்டு மூச்சு நின்று விழுந்தவர்களைப் பிழைக்க வைத்தார்கள். உச்சத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஊசிகள் போயின.

ஊசி கொடுத்ததால் பூங்கா அழுக்காயிற்று என்கிற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நாலு வருஷம் ஊசி கொடுத்தார்கள், நாலு வருஷமும் பூங்கா நாறிற்று. இதை மறுத்துப் பேசுவதில் நாணயமில்லை. ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஜூரிச் நகரவாசிகள் இல்லை. வியாபாரிகள் வந்தார்கள், அடிதடி வந்தது. பூங்கா கண்ணுக்கெட்டும் தூரத்தில் நாலு நல்ல மனிதர்களின் வேலையால் சரியாகிற நிலையில் இல்லை. ஆனால் வாதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பூங்காவை நிறைத்தது ஊசிக் குழு இல்லை. குழு வருவதற்கு முன்பே ஆட்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் விரட்டப்பட்டதுதான். இடித்த அறைக்கு மாற்று அறை எதுவும் நகரம் கொடுக்கவில்லை. கூரையில்லாத இடத்தில் ஊசியை மட்டும் கொடுத்தது.

ஊசி போட்டுக்கொள்வது ஒரு சில நிமிஷ வேலை. நான் தினம் இரண்டு வேளை செய்கிற வேலை. எனக்குச் சர்க்கரை வியாதி, பல வருஷங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நாளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல் என் உடம்பில் ஊசி ஏறுகிறது. ஒன்றுகூடத் தெருவில் யார் கண்ணிலும் பட்டதில்லை. அது என் ஒழுக்கத்தால் வந்த சுத்தம் இல்லை. எனக்கு ஒரு கதவும் கதவுக்குப் பின்னால் ஒரு குப்பைத் தொட்டியும் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், மூடியைச் சரியாகப் போடாமல் நான் தொட்டியில் எறிந்த ஊசி, குப்பை அள்ளுகிறவர் கையில் எப்போதாவது குத்தியிருக்கவும் கூடும். அதை யாரும் சர்க்கரை வியாதிக்காரர்களின் அழுக்கு என்று சொன்னதில்லை. கதவுள்ளவனின் அழுக்கு குப்பை. கதவில்லாதவனின் அழுக்கு அவனே. இந்த வித்தியாசத்தை ஏற்படுத்துவது ஊசி இல்லை.

1992 பிப்ரவரி 5 அன்று பூங்காவை மூடினார்கள். எங்கே போவது என்பதற்கு அப்போதும் பதில் இல்லை. ஆட்கள் பக்கத்தில் உள்ள உழைப்பாளிகளின் பேட்டையில், ஐந்தாம் வட்டாரத்தில், பரவினார்கள். பூங்காவில் இருந்தவரை நகரத்து மேட்டுக்குடியினர் நாளிதழில் பார்த்த காட்சியை இப்போது அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் வாசற்படியில் பார்த்தார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஊசி கிடந்தால் எந்தத் தாயும் புள்ளிவிவரம் கேட்க மாட்டாள். அவள் கோபத்தைப் பிற்போக்கு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுத்தத்தைப் பற்றிய நியாயமான புகார்கள் எல்லாம் இப்படி ஏழைகளின் தெருவிலிருந்துதான் வருகின்றன. அதற்குள் கூட்டம் ரயில் போக்குவரத்து நின்றுபோன லெட்டன் ஸ்டேஷனுக்கு நகர்ந்தது. பூங்காவில் நடந்ததெல்லாம் தண்டவாளத்தின் மேல் மறுபடி நடந்தது. 1995 பிப்ரவரி 14 அன்று அதையும் மூடினார்கள்.

3

இரண்டாவது மூடல் நிலைத்தது. முதலாவது நிலைக்கவில்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்பதுதான் சரித்திரக்காரன் கேட்க வேண்டிய கேள்வி. போலீஸ் இரண்டு தடவையும் இருந்தது. 1995இல் கூடுதலாகவே இருந்தது. இதை மறைத்துவிட்டு டாக்டர்களின் கருணையால் எல்லாம் நடந்தது என்று எழுதுவது இன்னொரு பொய். ஆனால் இடைப்பட்ட மூன்று வருஷங்களில் வேறு சில காரியங்கள் நடந்திருந்தன.

ஊசி போட்டுக்கொள்ள மேற்பார்வையோடு கூடிய அறைகள் திறக்கப்பட்டன. இதற்கு முன்மாதிரி பெர்ன் நகரத்தில் 1986இல் திறந்த அறை. மேஜை, நாற்காலி, சுத்தமான ஊசி, பழையதைப் போட ஒரு டப்பா, கவனிக்க ஒரு நர்ஸ், அவ்வளவுதான். மெதடோன் சிகிச்சை சுலபமாகக் கிடைத்தது. 1994 ஜனவரியில், பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் ஹெராயினே கொடுக்கும் பரிசோதனையை ஸ்விட்ஸர்லாந்து தொடங்கியது. நகரத்தின் சமூகநலப் பொறுப்பில் 1970 முதல் 1994 வரை இருந்த எமிலி லீபர்ஹெர் என்ற பெண்மணி இதற்காக வெகு நாளாகப் போராடியவர். படுக்க இடம் கொடுக்கும் ஏற்பாடுகள் பெருகின. இதில் எர்ன்ஸ்ட் ஸீபர் என்ற பாதிரியாரைச் சொல்ல வேண்டும். 1963இல் ஜூரிச் ஏரியே உறைந்துபோன குளிர்காலத்தில், தெருவில் படுத்தவர்களுக்காக ஒரு யுத்தகாலப் பதுங்கு குழியைத் திறந்துவைத்தவர். அப்போதிருந்தே அவர் சொல்லிவந்தது படுக்கை பற்றித்தான். நகரம் அதைக் கேட்க முப்பது வருஷம் ஆயிற்று.

முடிவு என்ன ஆயிற்று? இலவச ஊசியும் ஹெராயினும் கொடுத்தால் புதிது புதிதாக ஆட்கள் பழக்கத்துக்கு வருவார்கள் என்று சொல்லப்பட்டது. ஜூரிச் மாநிலத்தில் 1990இல் புதிதாக ஹெராயின் பழகியவர்கள் சுமார் 850 பேர், 2002இல் சுமார் 150 பேர் என்று 2006இல் லான்ஸெட் பத்திரிகையில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பணக்காரர்களும் பழமைவாதிகளும் நிறைந்த அந்த நாடு 2008 நவம்பர் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 68 சதவீத ஓட்டோடு இந்த ஏற்பாட்டை நிரந்தரச் சட்டமாக்கியது. அவர்களெல்லாம் திடீரென்று மனம் மாறிப் போதைக்காரர்களை நேசித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தெருவும் சுத்தமாயிற்று, அதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத சுத்தம் கண்ணுக்குத் தெரிகிற சுத்தத்தின் முதுகில் ஏறிச் சட்டமாயிற்று.

அறைதான் முடிச்சு என்பதற்கு ஜூரிச்சே சமீபத்தில் மறுபடி ஒரு சாட்சி கொடுத்தது. பழைய ராணுவ முகாம் மைதானத்தில் நகரத்தின் நடுவே இருந்த மையம் மூடப்பட்டு வேலை ஒதுக்குப்புறத்துக்கு மாறியபோது, 2023 கோடையில் பேக்கரன்லாகே என்ற பூங்காவில் ஒரு கூட்டம் வெளிப்படையாகக் கூட ஆரம்பித்தது. இந்தத் தடவை ஹெராயின் இல்லை, புகைக்கிற கொக்கெய்ன். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள், பத்திரிகைகள் 'மறுபடியும் பிளாட்ஸ்பிட்ஸா?' என்று கேட்டன. அதே வருஷக் கடைசியில் பழைய மைதானத்தில் நகரம் ஒரு தாற்காலிக மையத்தைத் திறந்தது. போதைப் பொருள் மாறியது, காலம் மாறியது, விதி மாறவில்லை.

இந்த அறைகளுக்கும் ஒரு வாசல் விதி உண்டு. ஜூரிச்சின் மையங்கள் அந்த நகரத்தில் பதிவு செய்துகொண்டு வசிப்பவர்களுக்கு மட்டும்தான். பூங்காவை மூடியபோதே வெளியூர்க்காரர்களைப் பிடித்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். தன் ஊரில் அறை இருந்தால் அதில் நியாயம் உண்டு. ஊரே இல்லாதவனுக்கு? எனக்குக் கடிதம் எழுதிய நண்பர் அப்போது அந்த நாட்டில் தங்க அனுமதிக்காகக் காத்திருந்தவர். தமிழ் அகதிகளையும் ஹெராயினையும் சேர்த்துப் பேசுகிற வழக்கம் ஸ்விஸ் பத்திரிகைகள் சிலவற்றில் அந்தக் காலத்தில் இருந்தது. அந்நியனையும் அழுக்கையும் ஒரே மூச்சில் சொல்வது எல்லா ஊருக்கும் சுலபமாக வருகிறது. நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது என்று அவர் எழுதியதில் ஊசி மட்டும்தான் இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

4

ஜூரிச் சின்ன ஊர், பணக்கார ஊர், அதை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது என்று ஒருவர் சொல்லலாம். ஆகையால் வீடில்லாதவர்களின் கூட்டத்துக்குப் பேர்போன ஸான் ஃபிரான்ஸிஸ்கோவையும் பார்க்கலாம். அங்கே வீடு எப்படிப் போயிற்று என்பது தெரிந்த கதை. ஒண்டிக்கட்டைத் தொழிலாளர்களும் கிழவர்களும் மாத வாடகைக்கு இருந்த ஒற்றை அறை ஹோட்டல்களை நகரப் புனரமைப்பு என்ற பெயரில் இடித்தார்கள். யெர்பா பியூனா திட்டத்தில் மட்டும் சுமார் நாலாயிரம் பேர் இடம் இழந்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 அன்று இன்டர்நேஷனல் ஹோட்டலிலிருந்து பிலிப்பினோ, சீனக் கிழவர்களை நள்ளிரவு கடந்து போலீஸ் வெளியேற்றியபோது ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து வாசலை மறித்து நின்றார்கள். அந்த அறைகளும் அழுக்கு என்று சொல்லித்தான் இடிக்கப்பட்டன.

1988 நவம்பர் 2 அன்று அந்த ஊரில் சிலர் சட்டத்தை மீறித் தெருவில் ஊசி மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1993இல் மேயர் ஃபிராங்க் ஜார்டன் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்து அதற்கு நகரப் பணம் கொடுத்தார். ஜார்டன் முன்னாள் போலீஸ் தலைவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2018இல் அந்த ஊர் பற்றி ஒரு கணக்கு பத்திரிகைகளில் அடிபட்டது. மாதம் சுமார் 4 லட்சம் ஊசிகள் கொடுக்கப்படுகின்றன, சுமார் 2,46,000 ஊசிகள் மையங்கள் வழியாகத் திரும்பி வருகின்றன. கழித்துப் பார்த்தவர்கள் ஒன்றரை லட்சம் ஊசிகள் தெருவில் கிடப்பதாகச் சொன்னார்கள். கழித்தலில் வருவது தெருக் குப்பையின் எண்ணிக்கை ஆகாது. என் ஊசிகளும் எந்த மையத்துக்கும் திரும்பிப் போவதில்லை. ஆனாலும் தெருவில் ஊசி கிடந்தது உண்மை. அவற்றைப் பொறுக்கவே பத்துப் பேரை நகரம் அந்த வருஷம் வேலைக்கு வைத்தது.

கழித்தலைவிட நல்ல முறை, நடந்து போய் எண்ணுவது. அப்படிச் செய்தவர்கள் உண்டு. ஊசித் திட்டம் இருந்த ஸான் ஃபிரான்ஸிஸ்கோவிலும், அப்போது அப்படியொன்று இல்லாத மியாமியிலும் ஆராய்ச்சியாளர்கள் தெருத் தெருவாக நடந்து எண்ணி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் தெருக்கட்டங்களுக்கு ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் 44 ஊசிகள், மியாமியில் 371. ஊசி கொடுக்காத ஊரில் எட்டு மடங்கு ஊசி தெருவில் கிடந்தது. காரணம் எளிது. ஊசி எப்படியும் வந்து சேர்கிறது, கடையிலிருந்தோ கள்ளச் சந்தையிலிருந்தோ. திரும்ப வாங்க ஆளில்லாத ஊரில் அது தெருவில் முடிகிறது. பால்டிமோரில் 1994இல் திட்டம் தொடங்கிய பின் எண்ணிப் பார்த்தவர்களும் தெருவில் ஊசி கூடவில்லை என்றே கண்டார்கள். நியூ ஹேவன் நகரத்தில் 1990 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில் யேல் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் எண் போட்டு, அது எவ்வளவு நாள் வெளியில் சுற்றிவிட்டுத் திரும்புகிறது என்று பார்த்தார்கள். வெளியில் சுற்றும் நாள் குறையக் குறைய அது கிருமியைச் சுமக்கும் வாய்ப்பும் குறைந்தது. புதிய தொற்று மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 1991இல் மதிப்பிட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: ஊசி சீக்கிரம் திரும்பி வருவதுதான் ரத்தத்தின் சுத்தம், அதுவேதான் தெருவின் சுத்தமும். இரண்டும் ஒரே காரியம். விரோதம் நாம் கற்பித்தது.

தெருவைக் கழுவினால் சுத்தம் வருமா என்பதற்கு ஸான் டியேகோவில் பதில் கிடைத்தது. 2017இல் அங்கே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ பரவி, பெரும்பாலும் வீடில்லாதவர்களும் போதைப் பழக்கக்காரர்களுமாக, 20 பேர் இறந்தார்கள். நகரம் நடைபாதைகளைக் குளோரின் கலந்த நீரால் கழுவியது. கை கழுவக் குழாய்கள் வைத்து, இரவிலும் கழிப்பறைகளைத் திறந்து, தடுப்பூசி போடவும் செய்தது. முதலாவது நாளிதழ்ப் புகைப்படத்தில் நன்றாக விழுந்தது. மலத்தின் வழியாகப் பரவும் நோய்க்குக் கழிப்பறை இல்லாததுதான் காரணம் என்பது அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

5

இதெல்லாம் ஒரு கவிதைப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நம் வட்டத்தில் ஊசி, சாக்கடை, குப்பை, நடைபாதையில் கிடக்கும் உடம்பு எல்லாம் படிமங்களாகி வெகு காலம் ஆயிற்று. நகரத்தின் சிதைவைச் சொல்ல ஓர் ஊசியை வரியில் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அந்த ஊசி ஏன் அங்கே கிடக்கிறது என்று கவிஞன் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை என்பது நாம் ஒத்துக்கொண்ட சௌகரியம். நகரசபைக்காரன் அதை அழுக்கு என்று அப்புறப்படுத்துகிறான். நாம் அதை அர்த்தம் என்று எடுத்து வைத்துக்கொள்கிறோம். இரண்டு பேருமே அதைப் போட்டுவிட்டுப் போனவனைப் பார்ப்பதில்லை. நான் இன்னும் ஒரு படி கீழே போனவன். எனக்கு அது படிமமாகக்கூடத் தெரியவில்லை. ஜாய்ஸ் நின்ற இடம் என்று சொல்லி முப்பதாயிரம் கால்கள் மிதித்த புல்லைப் பெருக்கிச் சுத்தமாக்கிவிட்டேன். தன் புத்தகத்தில் ஒரு மனிதனைக் கக்கூஸில் உட்கார வைத்து எழுதியதற்காகவும் ஏசப்பட்ட எழுத்தாளனைப் பற்றி எழுதும்போது இதைச் செய்தேன் என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

பிளாட்ஸ்பிட்ஸ் இப்போது சுத்தமாக இருக்கிறது. இரவில் அதன் கதவுகளைப் பூட்டிவிடுகிறார்கள். லெட்டனில் கோடையில் ஜனங்கள் குளிக்கிறார்கள். என் வாக்கியம் எழுதியபோது பொய்யாக இருந்து, இப்போது ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. இடையில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை டாக்டர்கள் லைசென்ஸைப் பணயம் வைத்தார்கள், எத்தனை அறைகள் திறந்தன என்பதை அது சொல்லாது. தொகுப்புக்காரர் அந்த வரியை நீக்கிவிடலாமா என்று கேட்டார். நீக்கினால் அதுவும் ஒரு பெருக்கல்தான். வரி அப்படியே இருக்கட்டும், அதற்குப் பின்னால் இந்தக் கட்டுரையையும் நண்பரின் கடிதத்து இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கடிதத்துக்குப் பதில் போட முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. அவருடைய பழைய முகவரிக்கு எழுதினால் போய்ச் சேராது. இது அச்சாகி எப்படியாவது அவர் கைக்குப் போனால் சரி.